யார் மேலும் தப்பில்லை

நான் பார்க்காத ஓவியம் ஒன்றைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.

அது இருப்பது இத்தாலியின் மிலான் நகரத்தில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்ற தேவாலயத்தை ஒட்டிய மடத்தின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில். லியனார்டோ டா வின்சி 1495 வாக்கில் தொடங்கி 1498 வாக்கில் முடித்த 'இறுதி விருந்து'. கிட்டத்தட்ட 8.8 மீட்டர் அகலம், 4.6 மீட்டர் உயரம். ஒரு நேரத்தில் சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். பதினைந்து நிமிடம். வெளித்தூசி சுவரை அண்டக் கூடாது என்று, கண்ணாடிக் கதவுகள் போட்ட அறைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும். நேரம் தவறினால் அவ்வளவுதான்.

எங்கள் டிக்கெட்டில் இருந்த நேரம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 3:15. நானும் மனைவியும் அந்த வாசலில் போய் நின்றபோது மணி 5:30.

அந்த இரண்டே கால் மணி நேரம் யாருடைய தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. டூர் போன இடத்தில் ஒரு படத்தைப் பார்க்க முடியாமல் போனதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்டால், இல்லைதான். விசா கிடைத்து, லீவு கிடைத்து, ஈ.எம்.ஐ போக மிச்சம் பிடித்த காசில் பத்து நாள் இத்தாலி போய் வந்தவனின் புலம்பலுக்கு ஒரு அளவு உண்டு. ஆனால் 'யார் தப்பு' என்ற கேள்வி சின்ன விஷயங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. பெரிய விஷயங்களில் அழுகையும் கோர்ட்டும் நடுவில் வந்துவிடும்.

அந்தப் படம் எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான். அவள் திருச்சியில் ஒரு கான்வென்ட் விடுதியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவள். மெஸ்ஸில் சாம்பார் வாளி வைக்கும் மேசைக்கு மேலே அந்தப் படத்தின் பிரிண்ட் மாட்டியிருக்குமாம். ஏழு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே உப்புமா தின்றிருக்கிறாள். அவள் கிறிஸ்தவப் பெண் இல்லை. ஆனால் சீடர்கள் பன்னிரண்டு பேரையும் பேரும் முகமுமாகத் தெரியும். யூதாஸின் பிடியில் பை, அவன் கைக்குப் பக்கத்தில் கவிழ்ந்த உப்புக் கிண்ணம், பேதுருவின் கையில் கத்தி, தோமாவின் நீட்டிய ஒற்றை விரல். வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும் நாட்களில் படத்தில் உள்ள கைகளை எண்ணுவாளாம். ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும். அவளுக்குப் பிடித்தவர் பிலிப்பு. இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறவர். "உங்களில் ஒருத்தன் என்னைக் காட்டிக் கொடுப்பான்னு சொன்னதும் அவர் மட்டும்தான் யாருன்னு தேடாம, நானான்னு கேக்கற மாதிரி நிப்பாரு" என்பாள்.

பயணத்தின் மற்ற விபத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமின் கருங்கல் பாவிய தெருவில் பெரிய பெட்டியின் ஒரு சக்கரம் போய், மிச்ச நாளெல்லாம் அது நொண்டிக்கொண்டே வந்தது. ஃப்ளாரன்சிலிருந்து பீசா போகும் ரயிலில் ஃபைன் கட்டினோம். அங்கே உள்ளூர் ரயில்களுக்கான காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன மெஷினில் கொடுத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கியது நான். மெஷினைப் பார்த்துவிட்டு 'இது என்னவோ' என்று கடந்து போனதும் நான். அன்று முழுக்க அவள் என்னை 'வித்தவுட்டு' என்று கூப்பிட்டாள். நானும் சிரித்தேன். தப்பு என்னுடையது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அவள் ஓட்டினாள், முடிந்தது. அந்த ஃபைன் ரசீதை இன்னும் வைத்திருக்கிறோம். பின்னால் நடந்ததை நினைக்கும்போது, அந்தப் பயணத்தில் எங்களுக்கு நடந்த மிக ஆரோக்கியமான விஷயம் அதுதான் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெனிசிலிருந்து மிலானுக்கு இரண்டரை மணி நேர ரயில். 10:50க்கு டிக்கெட். ஒன்றரைக்குள் மிலான், பெட்டியை அறையில் போட்டுவிட்டு ஏதாவது சாப்பிட்டு, இரண்டே முக்காலுக்கு வாசலில் நிற்பது என்று திட்டம். வெனிசில் சக்கரம் வைத்த எதுவும் ஓடாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி இறங்கி ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். பாதி வழியில், ஒரு பாலத்தின் அடியில், அவள் காதைத் தொட்டுப் பார்த்து நின்றுவிட்டாள். கம்மல். அவள் அம்மாவுடையது. குளிக்கும்போது கழற்றி பாத்ரூம் ஷெல்ஃபில் வைத்தது.

"நீ இங்கயே நில்லு, இதோ வந்துட்டேன்" என்று ஓடினாள். நான் இரண்டு பெட்டிகளோடு அந்தப் பாலத்தடியில் நாற்பது நிமிடம் நின்றேன்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பலகையில் எங்கள் ரயில் இல்லை. நேரம் கடந்ததால் மேலே போய்விட்டிருந்தது. அதற்கு அடுத்தவற்றில் பாதிக்கு மேல் ரத்து. வேலைநிறுத்தம். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம ட்ரெயின் போயிருச்சுல்ல? அதுல ஏறியிருந்தா தப்பிச்சிருக்கலாம்ல?" என்றாள். அழ ஆரம்பித்திருந்தாள்.

நான் போனை எடுத்தேன். இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை இரவு, ரயில் நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. ஃப்ளாரன்சில் பீட்சாவுக்குக் காத்திருந்த நேரம். தலைப்பு இத்தாலியனில் இருந்தது, அதில் 'ஷோப்பெரோ' என்று ஒரு வார்த்தை. திறந்தேன். மேலே நாலு பத்தி இத்தாலியன். அப்புறம் பார்க்கலாம் என்று 'படிக்காதது' என்று மாற்றி வைத்தேன். பீட்சா வந்தது. வேலையில் ஆன்கால் இருக்கிறவர்களுக்கு இது என்ன பாவம் என்று தெரியும்: நடுராத்திரி அடிக்கும் அலர்ட்டை 'பார்த்துவிட்டேன்' என்று அழுத்திவிட்டு மறுபடி தூங்குவது.

இப்போது முழுதாகக் கீழே வரை படித்தேன். ஆங்கிலமும் இருந்தது. ஷோப்பெரோ என்றால் வேலைநிறுத்தம். வெள்ளி காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. உங்கள் 10:50 ரயில் ரத்து. அதற்கு முன் கிளம்பும் ரயிலுக்குக் கட்டணமில்லாமல் மாறிக்கொள்ளலாம்.

இத்தாலியில் 1990இல் வந்த 146ஆம் எண் சட்டப்படி, ரயில் போன்ற அத்தியாவசிய சேவைகளில் வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் குறைந்தது பத்து நாள் முன்பே அறிவிக்க வேண்டும். குறைந்தபட்ச சேவையும் நடக்க வேண்டும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடும். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாதவன் நான்.

அதாவது, அவள் கம்மலை மறக்காமல் இருந்தாலும் நாங்கள் அந்த ரயிலில் போயிருக்க முடியாது. அப்படி ஒரு ரயிலே அன்று கிளம்பவில்லை. அவள் ஓடியது, நான் நின்றது எதற்கும் அந்த நாளின் முடிவோடு சம்பந்தமில்லை. இதை ஒரே வாக்கியத்தில் அவளிடம் சொல்லியிருக்கலாம். போனை அவள் கையில் கொடுத்திருந்தாலே போதும்.

நான் போனைப் பாக்கெட்டில் போட்டேன். "விடு, யார் மேலயும் தப்பில்ல" என்றேன்.

இந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று சொல்ல வேண்டும். என் வேலையில் சர்வர் விழுந்தால், எல்லாம் சரியான பிறகு உட்கார்ந்து ஓர் ஆவணம் எழுதுவோம். பழி சொல்லாத போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். இன்னார் தப்பான கமாண்டைத் தட்டினார் என்று எழுதக் கூடாது. அந்த கமாண்டைத் தட்ட முடிகிற மாதிரி ஏன் வைத்திருந்தோம் என்று எழுத வேண்டும். நான் இதை மனதார நம்புகிறவன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பயமில்லாத இடத்தில்தான் உண்மை வெளியே வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியம் இரண்டரை மணிக்குப் பிறகுதான் ஒரு ரயிலில் இடம் கிடைத்தது. மிலானில் இறங்கி, பெட்டிகளோடு பச்சைப் பாதை மெட்ரோவில் கதோர்னா வரை போய், அங்கிருந்து நொண்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். வாசலில் இருந்த பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அடுத்த நாள் காலை எங்களுக்கு ஃபிளைட். அவள் ஒரு ஃபிரிட்ஜ் காந்தம் வாங்கினாள். மூன்று அங்குலத்தில் பதின்மூன்று பேர்.

அன்றிரவு அறையில் நான் ஒரு போஸ்ட்மார்ட்டம் நடத்தினேன். ஹோட்டல் நோட்டில் கோடு போட்டு, நேரம் வாரியாகக் குறித்து, ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு. டைட்டான டிக்கெட்டுக்கு முந்தைய இரவே அந்த ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு பாடம். குளிக்கும் இடத்தில் நகை கழற்றினால் செருப்புக்குள் வைக்க வேண்டும் என்று ஒரு பாடம். மெயில் என்ற வார்த்தை அந்தத் தாளில் இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரே ஒரு தடவ திட்டிடுடா. முடிஞ்சிரும்" என்றாள்.

நான் திட்டவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

பழி சொல்லாமை என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தபோதுதான் நான் செய்த திருட்டின் வடிவம் எனக்குப் புரிந்தது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம், தரைக்கட்டுப்பாடு சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே உயரத்தைக் குறைத்து மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். விசாரணையில் ஒன்று தெரிந்தது. ஆறு வாரத்துக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதற்குப் பிறகு 1976இல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. தவறு செய்த விமானி, பத்து நாளுக்குள் தானே அதை எழுதி அனுப்பினால், வேண்டுமென்றே செய்ததாக இல்லாத பட்சத்தில், தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. அறிக்கைகளைப் பெறுவது, தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசா. பெயர் வெளியே வராது.

கவனியுங்கள். விலக்கு யாருக்கு? எழுதி அனுப்பியவனுக்கு. பழி வேண்டாம் என்பது அந்த ஏற்பாட்டில் உண்மைக்குக் கொடுக்கப்படும் விலை. உண்மை உள்ளே வர வேண்டும் என்பதற்காகத்தான் பழி வெளியே நிறுத்தப்படுகிறது. நான் அறிக்கை அனுப்பாமலேயே விலக்கை எடுத்துக்கொண்டேன். போதாததற்கு, விலக்கு கொடுக்கும் அதிகாரியின் நாற்காலியில் நானே உட்கார்ந்து, தப்பே செய்யாத ஒருத்திக்கு மன்னிப்பு வழங்கினேன்.

சரி, அந்த மெயிலே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே அவள் கம்மலால்தான் ரயில் போனது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது நான் திட்டாமல் இருந்தது நல்லதா? இதில் எனக்கு முன்பிருந்த உறுதி இப்போது இல்லை. பி. எஃப். ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1962இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சக மனிதரை நாம் இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்கிறார். ஒன்று, அவரோடு உறவில் நின்று: கோபப்படுவோம், நன்றி சொல்வோம், புண்படுவோம், மன்னிப்போம். இன்னொன்று, விலகி நின்று: அவர் கையாளப்பட வேண்டிய, சரிசெய்யப்பட வேண்டிய, ஜாக்கிரதையாக நடத்தப்பட வேண்டிய ஒன்று. குழந்தையிடமும் மனநோய் உள்ளவரிடமும் இந்த இரண்டாவது பார்வைதான் பொருந்தும். ஆனால் நல்ல நிலையில் உள்ளவர்களிடமும் சில சமயம் நாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்வோம், உறவு தரும் சிரமத்திலிருந்து தப்பிக்க, என்று ஸ்ட்ராசன் போகிற போக்கில் சொல்கிறார். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூட வேண்டியிருந்தது. சர்வரிடம் கோபப்படக் கூடாது என்பது சரி. மனைவியிடமும் அதே முறையைக் காட்டும்போது, 'நீ ஒரு சர்வர்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. திட்டு என்று அவள் கேட்டது தண்டனையை அல்ல. எதிரில் ஓர் ஆளாக நில் என்றுதான்.

என் அலுவலகத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். பெரிய அவுட்டேஜுக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சிஸ்டம், பிராசஸ் என்று பேசிக்கொண்டிருப்போம். கமாண்டைத் தட்டிய பையன் மட்டும் ஒரு மூலையில் யாராவது தன்னை ஏதாவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பான்.

விமானிகளுக்கு விலக்கு வந்த அதே 1976இல், பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நாகெலும் அறமும் அதிர்ஷ்டமும் பற்றி எதிரெதிராக இரண்டு கட்டுரைகள் படித்தார்கள். வில்லியம்ஸின் லாரி டிரைவர் பிரபலமானவர். எந்தத் தவறும் செய்யாமலே ஒரு குழந்தை மேல் வண்டியை ஏற்றிவிட்டவர். எல்லோரும் அவரிடம் உன் தப்பில்லை என்பார்கள். சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் அதைக் கேட்டுவிட்டு, 'ஆமாம், சரிதான்' என்று சட்டென்று சமாதானமாகி எழுந்து போனால், நமக்கே அவர் மேல் ஒரு சந்தேகம் வரும். தப்பு இல்லாத இடத்திலும் என் கை இருந்தது என்ற துயரம் ஒன்று உண்டு, அது இல்லாத மனிதரை நாம் முழு மனிதராக ஏற்பதில்லை.

நம் பாண்டியன் நெடுஞ்செழியனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அவன் அவையில் ஒரு போஸ்ட்மார்ட்டம் நடந்தால் எவ்வளவு அழகாக எழுதலாம். பொற்கொல்லன் தந்த தகவலை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று தண்டனைக்கு முன்பே பார்க்கும் நடைமுறை இல்லை. அவசரத்தில் உத்தரவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. எல்லாமே உண்மைதான். ஆனால் மாணிக்கம் தெறித்ததும், திருடன் நான்தான் என்று அவன் விழுந்ததால்தான் அவனுக்கு அந்தக் காவியத்தில் இடம் இருக்கிறது. 'சிஸ்டம் ஃபெயிலியர்' என்று கண்ணகியிடம் சொல்லியிருந்தால் மதுரை இரண்டு தடவை எரிந்திருக்கும்.

நாகெலின் பக்கம்தான் எனக்கு ஆபத்தானது, ஏனென்றால் அதை வைத்துத்தான் நான் பல மாதம் தப்பித்தேன். ஒரே கவனக்குறைவு ஒருத்தனுக்கு ஒன்றும் செய்யாமல் போகும், இன்னொருத்தனைக் கொலைகாரனாக்கும். வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும். அப்படியென்றால், என்று எனக்குள் வாதாடினேன், ரயில் ரத்தானது அவளுடைய அதிர்ஷ்டம்தானே? அது ஓடியிருந்தால் அவள் மறதியால் தவறவிட்டுத்தானே இருப்போம்? அவள் படும் குற்ற உணர்வில் பாதி நியாயமானதுதானே? இந்த வாதம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது பாருங்கள். பின்னால் ஒருநாள் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். சாதாரண நாளில் வெனிஸிலிருந்து மிலானுக்கு அடிக்கடி ரயில் உண்டு. 10:50ஐ விட்டாலும் அடுத்ததைப் பிடித்து 3:15க்குள் தாராளமாகப் போயிருக்கலாம். அவள் மறதியின் விலை புது டிக்கெட் காசு. என் மறதியின் விலை அந்தச் சுவர்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும் ஒன்றுதான். தப்பு யாருடையது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் ஒருத்தனே தராசையும் பிடித்து, படிக்கல்லையும் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்த ஓவியத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். ஊருக்கு வந்து, தூக்கம் வராத இரவுகளில் அதைப் பற்றித்தான் படித்தேன். ஃபிரெஸ்கோ முறையில் ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல் வேகமாக வரைய வேண்டும். பூச்சு காய்ந்தால் போச்சு, திருத்த முடியாது. லியனார்டோவுக்கு யோசித்து யோசித்துத் திருத்த வேண்டும். அதனால் காய்ந்த சுவரில், பலகையில் வரைகிற மாதிரி வரைந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே பெயிண்ட் உரிய ஆரம்பித்துவிட்டது. 1652இல் மடத்துக்காரர்கள் அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். இயேசுவின் பாதங்கள் அதில் போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் சரிந்தன. மணல்மூட்டை அடுக்கியிருந்ததால் இந்தச் சுவர் நின்றது. 1999இல் முடிந்த கடைசிச் சீரமைப்பு இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. பினின் பிராம்பில்லா பார்ச்சிலோன் என்ற பெண்மணியின் தலைமையில், பிற்கால ஆட்கள் பூசியதையெல்லாம் சின்னச் சின்னதாகச் சுரண்டி எடுத்தார்கள். அதே கூடத்தின் எதிர்ச் சுவரில் மொந்தோர்ஃபானோ என்பவர் 1495இல் வரைந்த சிலுவைக் காட்சி ஒன்று இருக்கிறது. முறைப்படி ஈரச் சுவரில் போட்ட ஃபிரெஸ்கோ. இன்றும் நன்றாக இருக்கிறதாம். அதைப் பார்க்க யாரும் மிலானுக்கு டிக்கெட் எடுப்பதில்லை. டெட்லைனில் ஒழுங்காக வேலை முடிக்கும் எல்லா இன்ஜினியர்களின் சார்பிலும் அவருக்காக வருத்தப்பட்டேன்.

லியனார்டோ வரைந்தது, ஒருவன் காட்டிக் கொடுப்பான் என்ற சொல் விழுந்த அடுத்த கணம். குற்றமில்லாத பதினோரு பேரும் ஆடிப்போகிறார்கள். மத்தேயு எழுதியபடி, எல்லோரும் வருத்தத்தோடு, அது நானா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். அவள் சொன்ன பிலிப்பு. மத்தேயுவில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் இவ்வளவு நாள் கவனிக்கவில்லை. கடைசியில் யூதாஸும் அதே கேள்வியைக் கேட்கிறான். நானா? அதே பணிவு. மற்றவர்களுக்குப் பதில் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி.

ஒரு ரயில் மெயிலுக்கு யூதாஸை இழுப்பது அதிகம்தான். ஆனால் ஹோட்டல் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு 'எங்க தப்பு நடந்திருக்கும்?' என்று நான் கேட்ட குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் மனதுக்குள்ளேயே வைத்துச் சமாளித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். முடியாமல் போனதற்குக் காரணம் கதை. ஊருக்கு வந்ததும் அவள் கம்மல் கதையை எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு, நடித்துக் காட்டி. என் நண்பர்கள் வீட்டில், அவள் அக்கா வீட்டில், எங்கள் ஃபிளாட்டில் எதிர்வீட்டில், எங்கள் அம்மாவிடம். நாலு வீட்டிலும் நல்ல சிரிப்பு. "இவரு ஒரு வார்த்த சொல்லல, தெரியுமா?" என்று முடிப்பாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தோளைக் குலுக்குவேன். பிறகு அது கதையாக இல்லாமல் போனது. கல்யாணத்துக்குக் கிளம்பினால் அம்மா, "கம்மல் இருக்காம்மா காதுல?" என்பாள், அன்பாகத்தான். கார் சாவியை நான் தேடினால்கூட, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆயிட்டீங்க" என்பாள். ஏழு மாதத்தில் என் மனைவி எங்கள் குடும்பத்தின் மறதிக்காரி ஆகிவிட்டாள். அவளே அதை நம்பினாள். ஒருநாள் கேஸை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினாள். முன்பெல்லாம் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அன்றிரவு சொன்னேன். மெயிலையும் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"இத எப்ப பாத்த?"

"ஸ்டேஷன்லயே."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மெயில பாக்காம விட்டது பரவால்ல. நானும் விட்டிருப்பேன். அன்னிக்கு ராத்திரி தண்ணி கொண்டு வந்து குடுத்த பாரு, அதுதான்டா" என்றாள். அப்புறம் மூன்று நாள் பேசவில்லை. நான் கேட்டு வாங்கிய மூன்று நாள் அது.

நாலாம் நாள் ஒரு நிபந்தனை வந்தது. அந்த நாலு வீட்டிலும் நானே போய்க் கதையைத் திருத்திச் சொல்ல வேண்டும். மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன். அங்கே நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்காமல் இருக்கிறது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஸ்ட்ரைக்குன்னா நீ என்ன பண்ணுவ?" "இத்தாலியன்ல மெயில் அனுப்பினா யாருக்குப் புரியும்?" அவள் செய்யாத தப்பு நாலு வீட்டில் ஏழு மாதம் சிரிப்பாகச் சிரித்தது. நான் செய்த தப்பு பத்து நிமிடத்தில் சூழ்நிலை ஆகிவிட்டது. என் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்காக கம்மல பாத்ரூம்ல வெக்கலாமா?" என்றாள். ஆக, பழி சொல்லாத போஸ்ட்மார்ட்டத்தை எங்கள் வீடுகள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஆண்களுக்கு மட்டும்.

நாலாவது வீடு அவள் அக்கா வீடு. அடுத்த வாரம் போகிறோம். அங்கே ஆறுதல் கிடைக்காது.

இதை எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து போனில் படித்தாள். ஸ்ட்ராசன் வரும் இடத்தை வேகமாகத் தள்ளினாள் என்று நினைக்கிறேன். பாண்டியனுக்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலே போய் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்க."

"ஆமா."

"இருபத்தஞ்சு. நான் ஓடினேன்."